கேட்டவங்களைக் கேட்ட கதை

பி.காம். படித்தவன் வேலை தேடிப் போனால் என்ன கிடைக்கும்? வேலை தேடி வந்த இன்னொரு பி.காம். கிடைப்பான். இரண்டு பேருமாகச் சேர்ந்து டீ குடிக்கலாம்.

அப்படி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் குடித்துக்கொண்டிருந்தபோதுதான், 2011-ல் எனக்கு அந்த வேலை கிடைத்தது. மதுரையிலிருந்து ஒரு சர்வே கம்பெனி. (பேர் வேண்டாம். முப்பது ரூபாய் கொடுத்த கை!) ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் யார் யார் ரேடியோ கேட்கிறார்கள், எப்போது கேட்கிறார்கள், எந்த ஸ்டேஷன் கேட்கிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்க வேண்டும். ஒரு ஃபாரத்துக்கு முப்பது ரூபாய். பத்து நாள்.

கேட்கிறவர்களைக் கேட்கிற வேலை. தமிழில் இது ஒரு வசதி பாருங்கள். காதால் கேட்பதும் 'கேள்'தான், வாயால் கேட்பதும் 'கேள்'தான். ஒரே சொல்லாச்சே, ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ரெண்டுக்கும் நடுவில் எத்தனை பெரிய பள்ளம் கிடக்கிறது என்பது விழுந்த பிறகுதான் தெரிந்தது.

சூப்பர்வைசர் ஒரு லாட்ஜ் ரூமில் வைத்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். இஷ்டப்பட்ட வீட்டுக்குள் நுழையக்கூடாது. தெருமுனையில் ஆரம்பித்து வலது கைப் பக்கமாகவே போய், பத்தாவது வீட்டுக் கதவைத்தான் தட்ட வேண்டும். கதவைத் திறந்தவரையே பிடித்து உட்கார வைத்துவிடக் கூடாது. அந்த வீட்டில் அடுத்ததாக யாருக்குப் பிறந்தநாள் வருகிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் பகலில் வீட்டில் இருக்கிறவர்கள் மட்டுமே கணக்கில் வந்து விழுவார்களாம்.

காலேஜில் 'புள்ளியியல்' பேப்பரில் நாங்கள் உருப்போட்டுத் துப்பிய ராண்டம் சாம்பிள் இதுதான். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். ஆனால் எந்தச் சோறு என்பதை அகப்பை தீர்மானிக்கக் கூடாது!

ஃபாரத்தில் ஒரு நாளைக் கால் கால் மணி நேரமாக நறுக்கியிருந்தார்கள். மொத்தம் 96 கட்டம். "நேற்று" என்ன கேட்டீர்கள் என்று கேட்டு, கேட்ட நேரத்துக்கு எல்லாம் டிக் போட வேண்டும். ஏன் நேற்று? "போன வாரம்னு கேட்டா மறந்திருப்பாங்க. பொதுவா எப்பன்னு கேட்டா தம்பட்டம் அடிப்பாங்க. நேத்துன்னு கேட்டாத்தான் கொஞ்சமாவது நிஜம் வரும்" என்றார் சூப்பர்வைசர். அந்த மனுஷன் சொன்னதில் பாதி அப்போது புரியவில்லை.

* * *

முதல் கதவு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மாடவீதிப் பக்கம். ஒரு பாட்டி.

"பாட்டி, உங்க பிறந்தநாள் எப்ப?"

"ஆடிப் பூரத்துக்கு மறுநா."

"அது இங்கிலீஷ் தேதியில என்ன பாட்டி?"

"ஆண்டாளுக்கு இங்கிலீஷ் தேதி இருக்கா? எனக்கு மட்டும் எதுக்கு?"

ஃபாரத்தில் அதற்கு இடமில்லை. ஆடி மாசம்தான் அடுத்து வருகிறது என்பதால் பாட்டியே தேர்வானார். "ரேடியோவா? மார்கழி மாசம் திருப்பாவை போடும்போது கேப்பேன்" என்றார். நான் போனது வைகாசி. பாட்டிக்கு 96 கட்டமும் காலி.

அடுத்த தெருவில் ஒரு அம்மா. வீட்டுப் பின்கட்டில் அடுப்பு மேல் பெரிய இரும்புச் சட்டி. பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தார். சுவரில் ஆணி அடித்து மாட்டின டிரான்சிஸ்டர் பாடிக்கொண்டிருந்தது.

"ரேடியோ கேப்பீங்களாம்மா?"

"எனக்கு எங்க தம்பி நேரம்? பாலை விட்டு அங்கிட்டு இங்கிட்டுத் திரும்ப முடியாது. அடிப் பிடிச்சுரும்."

"இப்ப பாடுதேம்மா?"

"அது பாட்டுக்குப் பாடுது. நான் கேக்கல."

என்னடா இது என்று கொஞ்சம் துருவினேன். காலையில் மாநிலச் செய்தி வரும்போது பால் அடுப்பில் ஏறும். டில்லிச் செய்தி முடிகிற நேரத்துக்குச் சுண்டி வரும். அதற்குப் பின்னால் இத்தனை பாட்டு ஓடினால் சர்க்கரை. அந்த வீட்டில் கடிகாரமே கிடையாது. சட்டியில் இருக்கிற பாலுக்கும் திருநெல்வேலி வானொலிக்கும் நேரடி ஒப்பந்தம்!

"அப்ப கேக்கறீங்கதானேம்மா?"

"இல்லப்பா. எனக்கு ஒரு வார்த்தைகூட நெனவிருக்காது. 'கேக்கல'ன்னே எழுதிக்க."

எழுதிக்கொண்டேன். சொன்னதைத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். காலை முழுக்க வானொலியோடு குடித்தனம் நடத்துகிற அம்மாவுக்கும் 96 கட்டம் காலி.

* * *

இந்த அவஸ்தை எனக்கு மட்டும் வந்தது என்று நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தால், ரேடியோ பிறந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் இதே தலைவலிதான்.

பத்திரிகை என்றால் எத்தனை விற்றது என்று எண்ணிவிடலாம். சினிமா என்றால் டிக்கெட் கிழித்ததை எண்ணலாம். ரேடியோவுக்கு எதை எண்ணுவது? காற்றில் விட்டாயிற்று. யார் காதில் விழுந்ததோ!

முதலில் கடிதங்களை எண்ணினார்கள். இலங்கை வானொலியில் 1952 டிசம்பரில் இந்திப் பாட்டுக்காக 'பினாகா கீத்மாலா' ஆரம்பித்தபோது, முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் குவிந்ததாக அதை நடத்திய அமீன் சயானி சொல்லியிருக்கிறார். ஆனால் கடிதக் கணக்கில் ஒரு விசேஷம் உண்டு. நேயர் விருப்பம் கேட்டே இந்தியா முழுக்கப் பேர் வாங்கிய ஊர் ஜும்ரி தலையா. இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் சின்ன ஊர். கடிதங்களை மட்டும் நம்பியிருந்தால், பம்பாயை விட அங்கேதான் ஜனத்தொகை அதிகம் என்று முடிவு கட்டியிருப்பார்கள்! எழுதுகிறவன் வேறு, கேட்கிறவன் வேறு.

அமெரிக்காவில் 1930-ல் ஆர்ச்சிபால்ட் கிராஸ்லி என்பவர் டெலிபோன் போட்டு, "நேற்று என்ன கேட்டீர்கள்?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். என் சூப்பர்வைசரின் கொள்ளுத் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் டெலிபோன் இல்லாத வீட்டில் ரேடியோ இருந்தால்? அவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். இந்த மாதிரிக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 1936 ஜனாதிபதி தேர்தல் சாட்சி. 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை டெலிபோன் டைரக்டரி, கார் வைத்திருப்பவர்கள் பட்டியல் எல்லாம் பார்த்துத் தபால் அனுப்பி, 20 லட்சம் பேருக்கு மேல் பதில் வாங்கியது. லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு போனார். அகப்பை எத்தனை பெரிசாக இருந்து என்ன, மேலாகவே அள்ளினால்?

அதே 1936-ல் லண்டனில் பி.பி.சி. ராபர்ட் சில்வி என்பவரைக் கூப்பிட்டு நேயர் ஆராய்ச்சியை ஆரம்பித்தது. 1939 டிசம்பரிலிருந்து தினமும் நூற்றுக்கணக்கான பேரை நேரில் பார்த்து, "நேற்று என்ன கேட்டீர்கள்?" உலக யுத்தத்துக்கு நடுவிலும் ஒருத்தர் ஃபாரத்தோடு அலைந்திருக்கிறார் என்று படித்ததும் எனக்கு ஒரு ஆறுதல்.

மனுஷனை நம்ப வேண்டாம், மிஷினை நம்புவோம் என்று கிளம்பியது நீல்சன் கம்பெனி. 'ஆடிமீட்டர்' என்று ஒரு பெட்டி. 1942-லிருந்து அமெரிக்க வீடுகளில் ரேடியோவோடு பொருத்தி, எப்போது போட்டார்கள், எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினார்கள் என்று பதிவு செய்தார்கள். பொய்யே சொல்லாத சாட்சி. ஆனால் ரேடியோ பாடியதை அது சொல்லும், எதிரே ஆள் இருந்தாரா என்பதைச் சொல்லாது. எங்கள் ராஜபாளையம் நாய் ஒன்று உட்கார்ந்திருந்தாலும் ஒரு நேயர்தான்!

* * *

ராஜபாளையம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் முடிந்து, பஸ் பிடித்து அங்கே போனேன். அதற்குப் பக்கத்தில் சத்திரப்பட்டி. ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிற ஊர். விசைத்தறிக் கூடத்துக்குள் நுழைந்தால், நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. அந்தச் சத்தத்திலும் மூலையில் ஒரு ரேடியோ, முழு வால்யூமில்.

தறி ஓட்டும் அண்ணாச்சியின் காதுக்குள் கத்தினேன்: "இந்தச் சத்தத்துல ரேடியோ கேக்குமா அண்ணாச்சி?"

"என்னது?"

"ரேடியோ! கேக்குமா?"

"கேக்காது!"

"பின்ன எதுக்கு ஓடுது?"

அவர் என்னை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, நிதானமாகச் சொன்னார். "ஓடும்போது கேக்காது தம்பி. நின்னுபோச்சுன்னா தெரியும். அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பாப்போம்."

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?

அங்கிருந்து ஒரு டீக்கடை. ஒரு ரேடியோ, பெஞ்சில் பதினேழு பேர். கோடைப் பண்பலை 100.5. கொடைக்கானல் உச்சியிலிருந்து வருவதால் எங்கள் பக்கம் கணீரென்று விழும். ஆனால் ஃபாரம் வீட்டுக்கு மட்டும்தான், டீக்கடைக்குக் கிடையாது. பதினேழு பேரும் காற்றோடு போனார்கள்.

இன்னொரு வீட்டில் வயசான ஒரு தாத்தா, நான் "ரேடியோ" என்று வாயெடுத்ததுமே உள்ளே போய் எதையோ துணி போட்டு மூடிவிட்டு வந்தார். "எங்ககிட்ட ரேடியோ இல்லியே!" சுவருக்கு அந்தப்பக்கம் துணிக்குள்ளிருந்து விவசாயச் செய்தி வந்துகொண்டிருந்தது. பிறகுதான் விளங்கியது. 1980-களின் நடுப்பகுதி வரை ரேடியோ வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். போஸ்ட் ஆபீசில் பணம் கட்டிப் புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் நேயர் கணக்கு என்றால் இந்த லைசென்ஸ் கணக்குதான். தாத்தா அன்றைக்கும் கணக்கில் வரவில்லை, என்னிடமும் வரவில்லை. விடாப்பிடியான நேயர்!

* * *

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் எனக்கு நாலு ஃபாரம் குறைந்தது. கால் வலி. வெயில் வேறு. ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, நாலு ஃபாரத்தையும் நானே நிரப்பினேன். நாலு பேரைப் படைத்தேன். ஒரு குடும்பத்தலைவி, ஒரு மில் தொழிலாளி, ஒரு கல்லூரி மாணவி, ஒரு ரிட்டயர்டு வாத்தியார். நாலு பேருக்கும் எனக்குப் பிடித்த நிகழ்ச்சிதான் பிடிக்கும். படைத்தவன் உரிமை!

சூப்பர்வைசர் நாற்பது ஃபாரத்தைப் புரட்டினார். சீட்டுக்கட்டில் ஜோக்கரை உருவுவது மாதிரி அந்த நாலை மட்டும் உருவி மேஜையில் வைத்தார்.

"எப்படி சார்?"

"நிஜ மனுஷன் இவ்வளவு ஒழுங்காக் கேக்க மாட்டான் தம்பி. ஆறரைக்குப் போட்டு எட்டுக்கு அணைச்சிருக்கான் உன் ஆளு. நடுவுல குழந்தை அழல, கரண்ட் போகல, பக்கத்து வீட்டுக்காரி வந்து பேசல..."

மறுநாள் நாலு நிஜக் கதவுகளைத் தட்டினேன். கூலி வெட்டவில்லை அந்த மனுஷன். ஆனால் அன்றைக்கு எனக்கு உறைத்தது கூலி இல்லை. பால்கோவா அம்மாவைக் காலி என்று எழுதினேன், அது சட்டம். இல்லாத ஒரு குடும்பத்தலைவிக்கு ஆறு டிக் போட்டேன், அது என் சோம்பேறித்தனம். ரெண்டும் சேர்ந்து ரிப்போர்ட்டில் ஏறியிருந்தால், இருக்கிறவர் இல்லை, இல்லாதவர் இருக்கிறார்! அந்தக் கணக்கை வைத்துத்தானே எந்த ஸ்டேஷனுக்கு விளம்பரம், எந்த நிகழ்ச்சி நிற்க வேண்டும் என்று யாரோ ஒருத்தர் முடிவு பண்ணுவார்?

பெரிய ஊர்க் கணக்கும் நம்மைத் தொடுவதில்லை. 2007-ல் 'ராம்' என்று ஒரு அளவீடு வந்தது. நேயர்களிடம் டைரி கொடுத்து, கேட்டதை அவர்களையே எழுதச் சொல்லும் முறை. டில்லி, மும்பை, பெங்களூரு, அப்புறம் கொல்கத்தா. ஸ்ரீவில்லிபுத்தூர் எங்கே! அதே வருஷம் அமெரிக்காவில் இடுப்பில் மாட்டும் மீட்டரே வந்துவிட்டது. நிகழ்ச்சிக்குள் நம் காதுக்குப் பிடிபடாத ஒரு சங்கேத ஒலியை ஒளித்து வைப்பார்கள். மீட்டர் அதைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளும். அது மட்டும் இருந்திருந்தால் டீக்கடைப் பதினேழு பேரும் அகப்பட்டிருப்பார்கள். இப்போது கைப்பேசியில் ரேடியோ வந்த பிறகு, எத்தனை பேர் திறந்தார்கள் என்பது உடனே தெரிகிறது. டிரான்சிஸ்டரை ஆணியில் மாட்டினவர்கள்தான் அதில் தெரியமாட்டார்கள்.

கணக்கே போடாமல் கேட்டது தெரிந்த கதையும் நம் தஞ்சாவூரில் உண்டு. 1960-களின் பிற்பகுதியில் திருச்சி வானொலி, ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகத்தைப் பற்றி விவசாயிகளுக்கு விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'ரேடியோ நெல்'. யார் கேட்டார்கள் என்று டைரி பார்க்க வேண்டியதில்லை. வயலைப் பார்த்தால் போதும்!

* * *

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லையே. அவர் ராஜபாளையத்தில் மில் கிளார்க். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ். ராத்திரி 9.15-க்கு பி.பி.சி. தமிழோசை. அந்த நேரத்தில் வீட்டில் தும்மக்கூடக் கூடாது. ஏரியலுக்கு ஜன்னல் கம்பியில் ஒரு செம்புக் கம்பி. அது அவர் சொத்து.

சர்வே முடிந்த அன்று கேட்டார்: "ஊர்ல இருக்கறவனை எல்லாம் கேட்டியே, என்னைக் கேட்டியா?"

"சர்வே எடுக்கறவன் வீட்டு ஆளைக் கேக்கக்கூடாதுப்பா. ரூல்."

"நல்ல ரூல்டா" என்றார்.

1941 மே மாதம் தொடங்கிய அந்த வானொலிச் சேவை, 76 வருஷம் ஓடி, 2017 ஏப்ரல் 30-ல் முடிந்தது. தமிழ்ப் பிரிவு இணையத்தில் தொடர்கிறது. எல்லோரும் போன், நெட் என்று மாறிவிட்டார்கள் என்பது காரணம். நியாயமான காரணமாகவும் இருக்கலாம். எண்ணிக்கைக்கு எதிராக நான் என்ன பேச? ஆனால் மே 1 ராத்திரி 9.15-க்கு அப்பா பழக்க தோஷத்தில் ரேடியோவைத் திருகினார். கரகரவென்று ஒரு சத்தம். கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம். கரகர. செம்புக் கம்பியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். கடைசியில் அணைத்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"யாரைக் கேட்டுடா நிறுத்துனாங்க?"

முப்பது ரூபாய்க்கு ஊரெல்லாம் கேட்டவன் நான். பதில் சொல்லத் தெரியவில்லை.

* * *

அப்பா போய் மூணு வருஷமாச்சு. ரேடியோ இப்போது அம்மாவிடம். திருநெல்வேலி ஸ்டேஷனில் நிற்கிறது. முள்ளை நகர்த்துவதே இல்லை.

இந்தக் கட்டுரைக்காகப் படிக்கும்போது ஒரு சமாசாரம் கண்ணில் பட்டது. 1945-ல் நியூயார்க்கில் பேப்பர் போடுகிறவர்கள் ஸ்டிரைக். ரெண்டு வாரத்துக்கு மேல் பேப்பர் இல்லை. பெர்னார்ட் பெரல்சன் என்ற ஆராய்ச்சியாளர், இருக்கும்போது என்ன படித்தீர்கள் என்று கேட்காமல், இல்லாதபோது என்ன குறைகிறது என்று ஜனங்களைக் கேட்டார். செய்தியை விட, தினப்படிப் பழக்கம் அறுந்துபோனதுதான் பலருக்குப் பெரிய குறையாக இருந்ததாம். அடடா, எங்கள் சத்திரப்பட்டி அண்ணாச்சி சொன்னதைத்தானே இவரும் சொல்கிறார்!

போன வாரம் நானும் ஒரு ஆராய்ச்சி செய்தேன். சாம்பிள் ஒன்று. காலை ஏழு மணி. அம்மா அடுக்களையில். மெதுவாகப் போய் ரேடியோவை அணைத்தேன்.

"யாருடா அது ரேடியோவை நிறுத்துனது?"

"நீதான் கேக்கறதே இல்லைன்னு சொல்லுவியேம்மா?"

"நான் எங்க கேட்டேன்? உங்கப்பா போனதுலேர்ந்து வீட்ல ஒரு ஆளு பேசுற சத்தமாவது இருக்கட்டும்னு போட்டு வச்சிருக்கேன்."

நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். கரண்டியோடு அம்மா எட்டிப் பார்த்தாள்.

"என்னடா முழிக்கற?"

"கணக்கெடுக்கறேன்மா."

"யாரு காசு தர்றா?"

"யாரும் இல்ல."

"அப்ப ரேடியோவைப் போட்டுட்டுப் போ. தோசை காயுது."

போட்டேன்.